உப்பிட்ட ஒஸ்டின்

மோட்டார் வாகனப் பராமரிப்பில் மட்டக்களப்பு உலகுக்கு அளித்த மாபெரும் மேதை சில்வெஸ்டர் ஐயா. உலகம் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. உலகத்துக்கு வேறு சோலி இருக்கும்.

தலைமை எழுதுவினைஞராய் இருந்து இளைப்பாறிய ஐயாவிடம், ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரத் துரை விற்ற பழைய ஒஸ்டின் கார் ஒன்று இருந்தது. வாவிக்கரைக் கொட்டிலில், கண்ணாடிகளை இறுக்கி மூடி, மேலே படங்கு போட்டு அதை அவர் 'பாதுகாத்து' வந்தார். யாரையும் ஏற்றமாட்டார். பக்கத்து வீட்டு நல்லரத்தினத்தின் பெண்சாதி பிள்ளை நோவெடுத்துத் துடித்தபோதும், "தோல் சீற் பழுதாப்போம்" என்று மாட்டு வண்டிலுக்கு ஆளனுப்பிய தியாகி அவர். நாங்கள் மட்டும் என்ன திறமா? எங்கள் அலுமாரிகளில் இருக்கும் நல்ல பீங்கானில் இன்றுவரை எந்த விருந்தாளியும் சோறு தின்றதில்லை.

அந்த மாரியில் படங்கை நீக்கிப் பார்த்தால், சீற், கூரைத் துணி, கதவு எல்லாம் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூஞ்சணம். நாற்றமோ சொல்லி மாளாது. வருகிற ஞாயிறு, மகள் செசீலியாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளையின் தாய் அஞ்சலா றெயிலில் வருகிறார். 'நம்மட கார்லயே கூட்டிவாறன்' என்று பெருமையாய்ச் சொல்லியனுப்பியாயிற்று. செசீலியாவுக்கும் அந்தப் பொடியனில் உயிர். வெளிநாட்டுச் சாமான் வராத காலம். புதுத் தோலுக்கு எங்கே போவது?

உடனே விறாந்தையில் அவசர மாநாடு கூடியது. தலைவர், ஐயா. உறுப்பினர், மனைவி பீற்றிஸ்.

"கதவெல்லாம் திறந்து வெயில்ல விடுங்க. தேசிக்காப் புளித் தண்ணியால துடைச்சுக் காயவிட்டாச் சரி."

"கதவத் திறந்தா, ஏத்திக்கொண்டு போகச் சொல்லிச் சனம் கேக்கும்!"

பிரேரணை ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது. ஐயா கண்ணை மூடிச் சிந்தித்தார். வாவிக் காற்று கருவாட்டு வாடையைக் கொண்டுவந்தது. ஞானம் பிறந்தது.

"பீற்றிஸ், கருவாட்டில பூஞ்சணம் பிடிக்குதா?"

"உப்புப் போட்டா எப்பிடிப் பிடிக்கும்?"

"அப்ப காருக்கும் போடு!"

மீனுக்கு உப்பிட்டே வளர்ந்த எங்கள் புத்தி வேறு எங்கே போகும்? பூஞ்சணத்தைச் சுரண்டி, உப்புக் கரைத்துத் தேய்த்து, தையல் இடுக்கெல்லாம் உப்பை அடைத்து, கதவைப் பூட்டினார். ஞாயிறு காலை சீற் பளிச்சென்றிருந்தது. ஐயா மீசையை முறுக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது ஐயாவின் 'விஞ்ஞானத்தில்' இல்லை. அன்றைய மழைக்காற்றுக்கு சீற் வேர்த்து ஊறியது. வீட்டு வாசலில் அஞ்சலா இறங்கியபோது, நீலப் பட்டுச்சேலையின் பின்பக்கம் நனைந்து பிசுபிசுத்தது. ஐயாவின் வெள்ளைக் காற்சட்டையும் தப்பவில்லை. பீற்றிஸ் நெஞ்சில் சிலுவை போட்டாள். கதவுக்குப் பின்னால் செசீலியா அழத் தொடங்கினாள்.

"என்னண்ண, காரக் கருவாடு போட்டீங்களா?" என்று சேலையைத் தொட்டு நக்கிப் பார்த்து அஞ்சலா சிரித்தார்.

ஐயா நடந்ததைச் சொன்னார். பெருமை சும்மா விடுமா? "இந்தக் கார்ல இண்டுவரைக்கும் ஊர்ச்சனம் ஒண்டையும் ஏத்தினதில்ல, தங்கச்சி. பூட்டித்தான் வச்சிருக்கன்."

அஞ்சலாவின் சிரிப்பு நின்றுபோனது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான்.

"என்ட மகன இந்த வீட்டிலதான் விடப்போறன். அவனையும் பூட்டி வச்சி, பூஞ்சணம் பிடிச்சா உப்புப் போடுவீங்களா?"

கதவுக்குப் பின்னால் செசீலியாவின் விசும்பல் கேட்டது. ஐயா விறுவிறென்று போய்க் காரின் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, வேலியடியில் நின்று கத்தினார்: "நல்லரத்தினம்! கார் வேணுமெண்டா எடு, தம்பி!"

நல்லரத்தினம் தலையை நீட்டினான். "இப்ப என்னத்துக்கையா? புள்ள அண்டைக்கே வண்டிலுக்க பிறந்து, இப்ப பள்ளிக்கூடம் போறான்."

ஐயா வேலியடியிலிருந்து திரும்பி வந்தார்.

"பீற்றிஸ், தேசிக்காய் நிறைய வெட்டு," என்றார் ஐயா. "கார விட எனக்குத்தான் கன பூஞ்சணம்."

அதன் பிறகே அஞ்சலா பெண்ணைக் கூப்பிடச் சொன்னார். ஆனாலும், விறாந்தைக் கதிரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.