அடுப்பைத் துறந்த ராஜவேலு

உடம்பைத் தேற்றுகிறவர்கள் ஒரு ரகம். தேற்றத் தொடங்கிய மூன்றாம் நாளே ஊரைத் தேற்றக் கிளம்புகிறவர்கள் வேறு ரகம். இந்த இரண்டாம் ரகம் எந்த ஊரிலும் கிடைக்கும். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் என்னும் டச்சுக்காரர்களின் கொடி பறந்த நாளில், பக்கத்து மீனவ ஊரான தோணிரேவுக்கு வாய்த்தவர் ராஜவேலு.

கோட்டைக்கு மீன் கொண்டுபோனபோது, ஓர் ஒல்லாந்துச் சிப்பாய் உப்பில் ஊறிய பச்சை மீனை வாலைப் பிடித்துத் தூக்கி அப்படியே விழுங்குவதைப் பார்த்தார். சிப்பாயோ பனைமர உயரம். இவருக்கோ சொந்தக் காலை மறைக்கும் தொந்தி. போதாதா? நெருப்புப் பட்டதெல்லாம் பிணம் என்று முடிவு கட்டிவிட்டார். பச்சை மீன் மறுநாளே வயிற்றைக் கலக்க, ஊறவைத்த பயறு, வெள்ளரிக்காய், தேங்காய்க் கீற்று என்று இறங்கி வந்தார்.

தின்றது கொஞ்சம், பேசியது அதிகம். நண்டுக் குழம்பு கொதிக்கும் வாசலில் நின்று மூக்கைப் பொத்துவார், அம்மன் கோயில் பொங்கலைக் கண்ணில் ஒற்றி அடுத்தவர் கையில் தள்ளுவார், காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி வைத்த தேவகியிடம் பிள்ளையைக் கொல்லுகிறாய் என்றே சொல்லிவிட்டார். அம்மன் பொறுத்துக்கொண்டாள். தேவகி பொறுக்கவில்லை, அகப்பையோடு தெருமுனை வரை துரத்தினாள்.

அடுப்பைத் துறந்த இருபதாம் நாள் அவர் வீட்டுப் பாடு வந்தது. ஏரியில் நல்ல இடத்தில் வலை போட வீட்டுக்கு வீடு முறை உண்டு, அதுதான் பாடு. முறைக்காரன் தன் கையால் இழுக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மறுபடி வர ஒரு மாதம் ஆகும். மனைவி தெய்வநாயகி அன்று அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தட்டித்தான் உலை வைத்திருந்தாள்.

"ஒரு பிடி சோறு தின்னுட்டுப் போயா. வலை பாரமா இருக்கும்."

"சோறுதான்மே பாரம். நான் காத்து மாதிரி கீறேன்."

காற்று மாதிரிதான் இருந்தார். அவர் வலையை இழுக்கவில்லை. வலைதான் அவரை இழுத்தது. முழங்கால் தண்ணீரில் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டார். பாடு முறையை மேற்பார்வையிடும் சின்னதம்பி அடுத்த முறைக்காரனைக் கூப்பிட வாய் திறப்பதற்குள், தெய்வநாயகி சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். துவண்டு கிடந்தவர் கையைக் கயிற்றில் வைத்து, அதன்மேல் தன் கையை அழுத்தி இழுத்தாள்.

"பொம்பள இழுக்கக் கூடாதும்மா."

"வூட்டுக்காரன் கைதானே வோணும்? கயித்துலதான் கீது. பாத்துக்கோ."

சின்னதம்பி பார்த்தார். அடுத்த முறைக்காரனைக் கைகாட்டிக் கரையிலேயே நிறுத்தினார். வலை நிறைய இறால் வந்தது.

ராஜவேலுவைக் கரையில் போட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். மூன்று குவளை உள்ளே போனதும் கண் திறந்து, துள்ளும் இறாலைப் பார்த்தார்.

"பாத்தியாமே, பச்சையா தின்ன பலம்?"

சிரிக்கிறீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முகம் நினைவுக்கு வந்திருக்கும். அவருக்கும் இதைப் படித்துக் காட்டினேன். அவர் உங்கள் பெயரைத்தான் சொன்னார்.