வசனம்: அமிர்தவல்லி

கதாநாயகன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான். அவன் நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது. மழை கூடத்தின் நான்கு மூலையிலும் பெய்தது. எங்கோ ஒரு வயலின் அழுதது. அவன் பேச்சு மட்டும் வரவில்லை.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பதினான்கு பேரும் திரும்பி ரவிச்சந்திரனைப் பார்த்தார்கள்.

ரவிச்சந்திரன் ரிமோட்டை அமுக்கினான். மழை பலத்தது.

"இன்னாத்துக்குப்பா அவன் சும்மா வாயை ஆட்டிக்கினு கீறான்?" என்று பக்கத்து வீட்டு ஞானம்மாள் கேட்டாள்.

செங்கல்பட்டில் அந்தத் தெருவுக்கே அது முதல் ஹோம் தியேட்டர். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் முனிசாமி தன் கையாலேயே கோத்துக் கொடுத்த செட்டு. மொத்தம் ஆறு பெட்டி. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, தரையில் உறுமுவதற்கு ஒன்று, டிவி தலைமேல் நடுவில் ஒன்று. அந்த நடுப்பெட்டிக்கு சென்டர் என்று பெயர். படத்தில் யார் பேசினாலும் அதன் வழியாகத்தான் பேச வேண்டும். அது செத்துவிட்டது.

டிவிக்குச் சொந்தமாக ஒரு ஸ்பீக்கர் இருந்தது. செட்டு வந்த அன்றே, "இனிமே இதுக்கு இன்னா வேலை" என்று ரவிச்சந்திரன் அதைக் கழற்றி முனிசாமியிடம் தூக்கிக் கொடுத்திருந்தான். பெருமையில் செய்கிற வேலை எல்லாம் இப்படித்தான் முடியும்.

சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த அமிர்தவல்லி, புருஷனின் காது மடல் சிவப்பதைப் பார்த்தாள்.

"அவனா?" என்றாள் ஞானம்மாளிடம். "வெங்காயம் வாங்க மறந்துட்டேன்றான்."

திரையில் கதாநாயகி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"அவ?"

"காலையிலேயே சொல்லி அனுப்பினேனேன்னு அழுவறா."

பதினான்கு பேரும் சிரித்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. படம் முடிகிறவரை அமிர்தவல்லியே எல்லோருக்கும் பேசினாள். டாக்டர், தபால்காரர், கல்யாணத் தரகர் உட்பட.

ரவிச்சந்திரனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவன் மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தான். ஆறு வருடமாக நைட் ஷிப்ட். அவன் வீட்டுக்கு வரும்போது அவள் எழுந்திருப்பாள், அவன் எழும்போது அவள் சமைத்துக்கொண்டிருப்பாள். அவன் பகலில் தூங்குவதால் மிக்ஸி பரண் மேல் ஏறி வெகுநாளாகிறது. வாரத்துக்கு ஆறு நாள் அவர்கள் பேசிக்கொள்வது பத்து வாக்கியம் தேறாது. இவளுக்கு இத்தனை குரல் இருப்பது அவனுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை முனிசாமி வந்து பெட்டியைத் திறந்து முகர்ந்தான்.

"சென்டர் அவுட்டு அண்ணாத்த. ஒண்ணியும் பிரச்சினை இல்ல. பின்னாடி கீற பெட்டிய இந்த ஒயர்ல மாட்டி வுட்டுர்றேன்."

"பேச்சு வருமா?"

"பேச்சு வராம பின்ன பாட்டா வரும்?"

பேச்சு வந்தது. ஆனால் ஒயர் எட்டவில்லை என்று முனிசாமி அந்தப் பெட்டியை இருந்த இடத்திலேயே, முதுகுப் பக்கமாக விட்டுப் போயிருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே படத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். கதாநாயகன் முன்னால் வாயசைத்தான், பின்னால் பேசினான். கூட்டம் பேச்சு வந்த திக்கில் திரும்பி உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்த அமத்துப்பா, கழுத்து வலிக்குது" என்றாள் ஞானம்மாள். "அமிர்தம், நீ சொல்லும்மா."

ரவிச்சந்திரன் வேறு படம் எடுத்து வரலாம் என்று டிவிடி கடைக்குக் கிளம்பினான். ஞானம்மாள் வாசலில் மறித்தாள். "கதை பாதியில நிக்குதுப்பா. அதையே போடு."

மூன்றாவது வாரம் முனிசாமி சென்டரை உள்ளே பற்றவைத்துப் பழைய இடத்தில் வைத்தான். இப்போது அது பேசியது. தலையில் தட்டினால் மட்டும். ஒரு தட்டுக்கு நாலு வார்த்தை. ரவிச்சந்திரன் ஸ்டூல் போட்டு டிவி பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தான்.

"அம்மா, உன் மேல் ஆணையாக இனிமேல் நான்..." என்று சொல்லிவிட்டு சென்டர் நின்றது.

"கோசுப் பொரியலே கேக்க மாட்டேன்" என்று முடித்து வைத்தாள் அமிர்தவல்லி.

கூடம் அதிர்ந்தது. ஞானம்மாளின் வீட்டுக்காரர், கம்பெனியின் பகல் பஸ்ஸை ஓட்டுகிறவர், சாதாரணமாகச் சிரிக்காதவர், பாயில் உருண்டு ரவிச்சந்திரனைப் பார்த்து, "போதும் மச்சான், தட்டாத" என்றார்.

அப்போதுதான் வில்லன் வந்தான். பெரிய மீசை, சாய்வு நாற்காலி. கதாநாயகியின் அப்பாவை, கிழவரை, சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். கிழவர் கைகூப்பி என்னவோ கெஞ்சினார்.

அமிர்தவல்லி குரலை மூக்குக்கு ஏற்றிச் சொன்னாள்: "காரணம் வேணாம், தேதி சொல்லு."

ரவிச்சந்திரனின் கை பாதி தட்டில் நின்றது.

அது ஸ்டோர்ஸ் மேனேஜர் பத்ரிநாராயணனின் வாக்கியம். சரக்கு ஏன் வரவில்லை, லாரி ஏன் நிற்கிறது, நீ ஏன் லீவு கேட்கிறாய், எதற்கும் அவர் சொல்வது அந்த நாலு வார்த்தைதான். ரவிச்சந்திரன் தினமும் காலையில் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றும்போது அதே மூக்குக் குரலில் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் படுப்பான். அமிர்தவல்லி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவனுடைய ஷிப்ட் மாற்றும் மனு அந்த மாதம் பத்ரிநாராயணனின் மேஜையில்தான் இருந்தது. ஆறு வருடத்தில் ஐந்தாவது மனு. பகல் வேலையான ஜெனரல் ஷிப்டில் ஒரே ஒரு இடம் காலியாகியிருந்தது. இந்தத் தடவை விட்டால் அடுத்தது யாராவது ரிட்டயர் ஆகும்போதுதான்.

அந்த வாரம் புதன்கிழமை காலை, ஷிப்ட் முடிந்து ரவிச்சந்திரன் கேட்டைத் தாண்டும்போது பகல் பஸ்ஸின் முதல் ஸீட்டிலிருந்து பத்ரிநாராயணன் இறங்கினார்.

"உன் வீட்டுல பெரிய செட்டு இருக்காமே."

"சாதாரண செட்டுதான் சார்."

"படம் பார்த்து ரொம்ப நாளாச்சு. வரலாம்னு இருக்கேன்."

"சார், அது ரிப்பேர் சார். முனிசாமின்னு ஒரு மெக்கானிக், அவன் என்ன பண்ணான்னா..."

"காரணம் வேணாம், தேதி சொல்லு."

"ஞாயித்துக்கிழமை சார்" என்று அவன் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

அன்று அவன் தூங்கவில்லை. முனிசாமி கடைக்குப் போய் டிவியின் பழைய ஸ்பீக்கரைத் திருப்பிக் கேட்டான்.

"அத்த மகாபலிபுரம் ஷேர் ஆட்டோல மாட்டிட்டேனே அண்ணாத்த. இன்னா கிளியரு தெரியுமா."

ரவிச்சந்திரன் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் போய், ஆட்டோவைக் கண்டுபிடித்து, ஏறி உட்கார்ந்தான். அவன் டிவியின் ஸ்பீக்கர் அவன் பிடரிக்குப் பின்னால் கணீரென்று பாடிக்கொண்டு வந்தது. கடற்கரை போய்ச் சேரும்வரை ஆட்டோக்காரரிடம் கெஞ்சினான்.

"குட்க்க முடியாது நைனா. பாட்டு இல்லன்னா ஒரு சவாரி ஏறாது."

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்."

"ஞாயித்துக்கெயமதான் கூட்டமே."

திரும்புவதற்கும் அதே ஆட்டோதான் கிடைத்தது.

கடைசியில் முனிசாமியின் கையைப் பிடித்துக்கொண்டான். முனிசாமி சனிக்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சென்டரின் வயிற்றை மாற்றினான், ஒயர் மாற்றினான், பித்தளைப் பின் போட்டான். படத்தை ஓட்டினார்கள். எல்லோரும் பேசினார்கள். தட்டாமலே பேசினார்கள்.

ரவிச்சந்திரன் முதல் முறையாக அந்தப் படத்தின் நிஜக் கதையைக் கேட்டான். கதாநாயகனுக்கு இதயத்தில் ஏதோ கோளாறு. அதை மறைக்கத்தான் அத்தனை மழை. வெங்காயமே இல்லை. அவனுக்குச் சப்பென்று இருந்தது, ஆனாலும் நிம்மதியாக இருந்தது.

"நாளைக்கு நீ சமையக்கட்டை வுட்டு வெளிய வராத" என்றான் அமிர்தவல்லியிடம். "வந்தாலும் வாயத் தொறக்காத."

"தொறந்தா?"

"ரிட்டயர் ஆவற வரைக்கும் நைட் ஷிப்ட்டு."

அவள் அம்மிக் குழவியைக் கழுவப் போய்விட்டாள்.

ஞாயிறு நாலு மணிக்குப் பத்ரிநாராயணன் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தடித்த கண்ணாடி. அவருக்கு மட்டும் நாற்காலி. தெரு முழுக்கப் பாயில். முனிசாமியும் வந்திருந்தான். "ஒரு தபா செக் பண்ணிட்டுக் குந்திக்கிறேன்" என்று டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தான்.

மழை பெய்தது. செருப்புச் சத்தம் கேட்டது. கதாநாயகன் வாயைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை.

ரவிச்சந்திரன் ஸ்டூலில் ஏறித் தட்டினான். ஓங்கித் தட்டினான். டிவி மேலிருந்த பிளாஸ்டிக் பூச்சாடி விழுந்தது.

"என்ன சொல்றான் அவன்?" என்று பத்ரிநாராயணன் கேட்டார்.

முப்பது தலைகள் சமையற்கட்டுப் பக்கம் திரும்பின. அமிர்தவல்லி காபியோடு வந்தாள். புருஷனின் காது மடலைப் பார்த்தாள்.

"வெங்காயம் வாங்க மறந்துட்டேன்றான் சார்" என்றாள்.

அதன்பின் நிறுத்த வழியில்லை. ரவிச்சந்திரன் சுவரில் சாய்ந்து நின்று வில்லனுக்காகக் காத்திருந்தான். வில்லன் வந்தான். கிழவரின் சட்டையைப் பிடித்தான்.

அமிர்தவல்லி தொண்டையைச் செருமினாள். "சட்டை எங்க தெச்சது பெரியவரே, காலர் நல்லா உக்காந்திருக்குன்றான்."

வில்லன் கத்தியை எடுத்தான்.

"நீங்க நகருங்க, வெங்காயத்த நானே நறுக்கறேன்றான்."

கூட்டம் முணுமுணுத்தது. ஞானம்மாளால் பொறுக்க முடியவில்லை.

"இன்னாம்மா நீ, கதையவே மாத்தற? போன வாரம் அவன் 'காரணம் வேணாம், தேதி சொல்லு'ன்னு தானே சொன்னான்? மூக்கால சொன்னியே."

மழை மட்டும் நான்கு மூலையிலும் பெய்துகொண்டிருந்தது. ரவிச்சந்திரனுக்கு இருபது வருட நைட் ஷிப்ட் கண்முன் வரிசையாகப் போனது. பத்ரிநாராயணன் திரும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், கைக்குட்டையால் முகத்தை மூடித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.

அப்புறம் கோர்ட். கதாநாயகி கூண்டில் நின்று ஜட்ஜைப் பார்த்து உதட்டை அசைத்தாள். அமிர்தவல்லி இதுவரை அந்தக் காட்சிக்கு வாரா வாரம் வேறு வேறு வசனம் சொல்லியிருந்தாள். இன்று புருஷன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ரவிச்சந்திரன் தலையாட்டினான், வேண்டாம் என்று. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆறு வருஷமா மிக்ஸி போட்டதில்ல எசமான்ன்றா. வூட்டுக்காரரு பகல்ல தூங்கறாராம். அம்மில தான் அரைக்கிறாளாம். அந்தச் சத்தம் கூட கேக்கக் கூடாதுன்னு கதவ சாத்திக்கினு அரைக்கிறாளாம்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"ஜட்ஜ் என்ன சொல்றார்?" என்று பத்ரிநாராயணன் கேட்டார்.

"அவரு இன்னும் ஒண்ணும் சொல்லல சார்" என்றாள் அமிர்தவல்லி. "எழுதிக்கினு கீறாரு."

படம் முடிந்ததும் பத்ரிநாராயணன் எழுந்தார். காபி நன்றாக இருந்தது என்று அமிர்தவல்லியிடம் சொன்னார். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு ரவிச்சந்திரனைப் பார்த்தார்.

"நாளைக்கு வந்து என்னைப் பாரு. ராத்திரி வராதே, காலையிலேயே வா."

சீட்டைக் கிழிக்கிறவர்கள் காலையில்தான் கூப்பிடுவார்கள். ரவிச்சந்திரன் அவர் தெருமுனை திரும்பும்வரை கைகூப்பி நின்றுவிட்டு உள்ளே வந்தான். நேராக டிவிக்குப் பின்னால் தலையை விட்டான். சென்டரின் ஒயர் அறுந்திருக்கவில்லை, கருகியிருக்கவில்லை. பித்தளைப் பின்னிலிருந்து உருவி, பத்திரமாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தது.

முனிசாமி வாசல்படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"நேத்து நல்லாத்தானே இருந்தது?"

"சூப்பரா இருந்திச்சி அண்ணாத்த."

"இந்த ஒயரை யார் புடுங்கனது?"

"நான்தான்."

"ஏன்டா?"

முனிசாமி செருப்பைக் கண்டுபிடித்துக் காலில் மாட்டிக்கொண்டான்.

"நான் இன்னா பண்றது அண்ணாத்த? பஸ் டிரைவராண்ட நம்பர் வாங்கி உங்க மேனேஜரு வியாயக்கெயமையே கடைக்கு போன் போட்டாரு, சென்டர் ஒயரப் புடுங்கிடுன்னாரு, எதுக்கு சார்னு கேட்டா, காரணம் வேணாம், தேதி சொல்லுன்னாரு."