பீப் நின்றால் போதும்

சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் செருகியிருக்கும் மனிதரைக் கண்டால் சற்றே விலகி நில்லுங்கள். அவர்தான் சத்தத்தைச் சரிசெய்பவர். எந்தக் கருவி கெட்டாலும் கூப்பிடாமலே வருவார், நான்கு திருகாணியைக் கழற்றுவார், மூன்றை மாட்டுவார், "கம்பெனிக்காரன் ஒண்ணு எக்ஸ்ட்ராவா போட்டுட்டான்" என்று மிச்சத்தை மேசை டிராயரில் போடுவார். கருவி ஓடுகிறதா? அது அவர் கவலை இல்லை. சத்தம் நின்றதா? அதுதான் கேள்வி.

எங்கள் வில்லாபுரம் பள்ளியில் இந்தப் பதவியை வகிப்பவர் இயற்பியல் ஆசிரியர் சவரியப்பன். அவருக்கு வாய்த்த கருவி, ஆபீஸ் மூலையில் இருபது வருடமாக உறுமிக்கொண்டிருக்கும் சர்வர். பள்ளிக் கணினிகளின் கோப்புகள் எல்லாம் அந்த இரும்புப் பெட்டிக்குள்தான். உள்ளே இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதிக்கொள்ளும். ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும், கூடவே ஆளைக் கூப்பிடச் சொல்லி பீப் பீப்பென்று கத்தும்.

நவம்பரில் ஒரு நாள் கத்தியது.

"சார், சர்வர் பாக்குற நஜீம் அண்ணனுக்குப் போன் போடவா?" என்றார் ஆபீஸ் கிளார்க் ஆனிமேரி.

"அவன் வந்தா டிஸ்க்கை மாத்தும்பான். ஏம்மா, நமக்குத் தெரியாததா?"

மூடியைத் திறந்தார். காதை வைத்துக் கேட்டார். "தூசி" என்றார். ஊதினார், தூசி அவர் கண்ணுக்குள் போனது, பீப் நிற்கவில்லை. மெமரியைப் பிடுங்கி, அழிரப்பரால் பளபளவென்று தேய்த்து, மறுபடி செருகினார். பீப். கடைசியில் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் கண்ணில் பட்டது. பிடுங்கினார்.

அமைதி.

"பாத்தியா? இம்புட்டுத்தான் மேட்டர்."

"முன்னாடி ஆரஞ்சு லைட்டு இன்னும் எரியுதே சார்?"

யோசித்தார். விஞ்ஞானம் படித்தவர் அல்லவா? முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்து விளக்கின்மேல் ஒட்டினார்.

மூன்று வாரம் சர்வர் சமர்த்தாக இருந்தது. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் காலை இரண்டாவது டிஸ்க்கும் போனது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அத்தனை வினாத்தாளும், ஆனிமேரி கழுத்து வலியோடு ஒரு மாதம் டைப் அடித்தவை, இன்னும் பிரிண்ட் எடுக்காமல் அதற்குள் மட்டும்தான் இருந்தன. நஜீம் வந்தார், பிளாஸ்திரியைப் பிரித்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"மொதல்ல ஒண்ணு போனப்பவே கூப்பிட்டிருந்தா சின்ன வேலைதான்க்கா. இப்ப ரெண்டும் போச்சே!"

ஆனிமேரி கீபோர்டைப் பார்த்துக்கொண்டே அழுதார். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. சவரியப்பனோ, "பழைய மெசினு, அதோட ஆயுசு அம்புட்டுத்தான்" என்று அஞ்சலி செலுத்திவிட்டு டீ குடிக்கப் போனார்.

மறுநாள் எல்லா வகுப்பிலும் ஆசிரியர்கள் கரும்பலகையில் கேள்விகளை எழுதிப் போட்டார்கள். இயற்பியல் தேர்வன்று சவரியப்பன் ஞாபகத்திலிருந்து எழுதிய முதல் கேள்வி: "மின்சார மணியின் பயன் யாது?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் அந்த ரகம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். போகிறபோது ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் காரில் இரண்டு மாதமாக எரியும் அந்த மஞ்சள் விளக்கின்மேல் சாமி ஸ்டிக்கர் ஒட்டியது யார்?