பெயர் சொல்லி மன்னித்த ஞாயிறு

மன்னிப்பதைப் பற்றிப் பாடம் எடுக்க மன்னிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதற்கு நானே சாட்சி. எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி டீச்சர் பிரசவத்துக்குப் போனபோது, "புத்தகமெல்லாம் படிக்கிறவரு" என்று சொல்லிப் போதகர் பிள்ளைகளை என் தலையில் கட்டினார். பாடம், மன்னிப்பும் ஜெபமும்.

அப்போது எனக்கும் என் மனைவியின் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் காணிக்கையாகக் கொண்டுவருவதையெல்லாம் ஏலம் விடுவார்கள். மச்சான் கண் வைத்திருந்த ஒரு சேவலை வீம்புக்கு ஏற்றிக் கேட்டு நான் எடுத்துவிட்டேன். (எடுத்ததுகூடப் பரவாயில்லை. குழம்பு வைத்த அன்று அவரைக் கூப்பிடவில்லை.) விளைவு, அவர் மகள் கல்யாணப் பத்திரிகை காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையம் முழுக்கப் போயிற்று, எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

"கூடப் பொறந்தவன் வூட்டுக் கல்யாணத்த நான் போட்டோல பாக்கணுமா?" என்று மனைவி அழுதாள். நான் பைபிளை எடுத்துக்கொண்டு பாடம் நடத்தக் கிளம்பினேன்.

எங்கள் சபைப் பெரியவர்கள் ஜெபித்தால் வானம் வரும், பூமி வரும், சகல ராஜ்யங்களும் வரும். யார் என்ன செய்தார் என்பது மட்டும் வராது. எழுத்தாளனான எனக்கு (வாரப் பத்திரிகையில் ஒரு துணுக்கு வந்திருக்கிறது) இது பொறுக்கவில்லை. "பொத்தாம்பொதுவா ஜெபிக்கக் கூடாது, பசங்களா. யாரு, இன்னா செஞ்சாங்கன்னு பேரோட சொல்லி மன்னிப்பு கேக்கணும்" என்றேன். பிள்ளைகள் அப்படி ஆர்வமாக எந்தப் பாடத்தையும் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

பாலர் ஞாயிறு வந்தது. அன்று ஆராதனையைப் பிள்ளைகளே நடத்துவார்கள். மைக்கும் அவர்கள் கையில்தான்.

பாடகர் குழுத் தலைவரின் மகன் முதலில் கண்ணை மூடினான். "ஏசப்பா, எங்கப்பா காய்ச்சல்னு சொல்லிட்டு சர்ச்சுக்கு வராம கருட சேவை பாக்கப் போனாரு. அவர மன்னிச்சிடுங்க. கோயில் இட்லிய எனக்குத் தராம துன்னாரு, அதயும் மன்னிச்சிடுங்க."

சபை ஆமென் சொல்ல மறந்தது.

அடுத்து ஒரு சிறுமி. "ஏசப்பா, செயலாளர் ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்குக் கட்டிக்கினு வந்தது அசல் பட்டு இல்லன்னு எங்கம்மா சொல்லிச் சிரிச்சாங்க. எங்கம்மாவ மன்னிச்சிடுங்க."

காஞ்சிபுரத்தில் ஒரு பெண்ணைக் கொலைகாரி என்றுகூடச் சொல்லலாம். அவள் பட்டு அசல் இல்லை என்று மைக்கில் சொல்லக் கூடாது. பெண்கள் பக்கம் எழுந்த சலசலப்பில், போதகர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் என் மகளின் குரல் கேட்டது.

"ஏசப்பா, எங்கப்பாவ மன்னிச்சிடுங்க. மாமா ஆசப்பட்ட சேவல அப்பா எடுத்துட்டாரு. அது கெழட்டுச் சேவலு, வேகவே இல்ல. யாருமே துன்னல. அப்பா மட்டும் நல்லாருக்குது, நல்லாருக்குதுன்னு மென்னுக்கினே இருந்தாரு, ராத்திரி பல்லு வலின்னு அழுதாரு. மாமா பத்திரிக குடுக்கலன்னு எங்கம்மா டெய்லி அழுவறாங்க. மாமாவயும் மன்னிச்சிடுங்க. ஆமென்."

ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் யாரோ குலுங்கிக் குலுங்கி அழுவது போலிருந்தது. கண்ணைத் திறந்தேன். மச்சான். சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே பத்திரிகைத் தட்டோடு வந்து நின்றார். "இன்னா மாப்ள, வேகவே இல்லியாமே! குக்கர்ல வெச்சுமா? எத்தினி விசில் உட்டீங்க?" என்றார். எந்தப் பிரசங்கத்துக்கும் அசையாத மனிதரை என் பல்வலி அசைத்துவிட்டது. மனைவி அழுதுகொண்டே அவருக்குக் காபி கலந்தாள்.

சபையில் அன்று பெயரோடு மன்னிக்கப்பட்ட மற்ற யாரும் இதுவரை என்னை மன்னிக்கவில்லை. டீச்சர் பச்சைக் குழந்தையோடு அடுத்த வாரமே வகுப்புக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்.

வீட்டில் வேறு மாதிரி. மனைவி என்னோடு சண்டை போடுவதையே விட்டுவிட்டாள். நான் ஏதாவது செய்தால் நடுக்கூடத்தில் முழங்கால் போட்டு, "ஏசப்பா..." என்று உரக்க ஆரம்பிக்கிறாள். மகள் ஓடிவந்து பக்கத்தில் முழங்கால் போடுகிறாள். மாடியில் குடியிருப்பவர்கள் டிவி சத்தத்தைக் குறைக்கிறார்கள்.