ஏழாம் நம்பர் அறையில் எட்டுப் பாட்டு

உயிரே போனாலும் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பாடுவதில்லை என்பது நொபுயுகியின் சபதம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முப்பது வருஷமாகக் காப்பாற்றி வருகிறார். ஆபீஸ் கூட்டம் அறை எடுத்து மைக்கில் பாடும் கரோக்கேக்குப் போகும்போதெல்லாம் டாம்பரின் தட்டுவது அவர். சுவரில் மாட்டிய போனில் எல்லோருக்கும் பீர் சொல்வது அவர். தன் முறை நெருங்கும்போது கழிவறையில் இருப்பதும் அவரே. டொயொஹாஷி ஊரில் பாதிப் பேர் அவருக்குத் தீராத வயிற்றுக் கோளாறு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் மனுஷனுக்குப் பாட்டென்றால் உயிர். சனிக்கிழமை தவறாமல், கோ பலகையாட்டம் ஆடப் போகிறேன் என்று மனைவி தொமோமியிடம் சொல்லிவிட்டு, ஸ்டேஷன் பக்கத்துக் கரோக்கே கடையில் தன்னந்தனியாக ஓர் அறை எடுத்துப் பாடுவார். பாடுவது என்ன, கடலைப் பார்த்து ஆண்பிள்ளை அழும் சோகப் பாட்டா? அதுவும் இல்லை. கொசுவம் வைத்த குட்டைப் பாவாடையில் ஏழெட்டுப் பெண்கள் குதித்துக் குதித்துப் பாடும் 'பதினேழு வயசு ஸ்ட்ராபெரி'. இவருக்கு வயசு ஐம்பத்திரண்டு. லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். முக்கியமாகத் தொமோமிக்குத் தெரியவே கூடாது.

இந்தச் சனிக்கிழமை பதினோரு தடவை பாடிவிட்டு, ஆட்டத்தில் தோற்றவர் போல முகத்தை வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். தொமோமி நூடுல்ஸை முன்னால் வைத்தாள்.

"ஏங்க, அடுத்த ஞாயிறு என் தங்கச்சி ரெய்கோ பொண்ணு கல்யாணம். நீங்க ஒரு பாட்டுப் பாடணுமாம்."

"கழுத்தை வெட்டினாலும் மாட்டேன்."

"வெட்டினா பாட முடியாது. சரி, நானும் தங்கச்சியும் பாடிக்கறோம். இன்னிக்கு மூணு மணிக்குக் கரோக்கேல பிராக்டிஸ். நீங்க சும்மா வந்து தாளம் தட்டுங்க."

தாளம்தானே என்று கிளம்பினார். போனால் அதே கடை. கவுன்டரில் இருந்த பெண் அவரைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நல்ல பெண் என்று மனசுக்குள் வாழ்த்தினார். அவள் கொடுத்தது ஏழாம் நம்பர் அறை. காலையில் அவர் பாடிய அறை.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. மேஜைமேல் பாட்டுத் தேடும் டேப்லெட். அதில் 'பாடியவை' என்று ஒரு பொத்தான். தொட்டால் அந்த அறையில் கடைசியாகப் பாடிய பாட்டெல்லாம் வரிசையாக வரும், புதுசு மேலே. வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் முதலில் அதைத்தான் தொடுவார்கள். நொபுயுகி அவசரமாகத் தொட்டுப் பார்த்தார். ஒரு பக்கத்துக்கு எட்டு வரி. எட்டும் ஸ்ட்ராபெரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மெஷின் போட்ட மார்க்கு, மார்க்குக்குப் பக்கத்தில் பாடியவர் பெயர். மார்க்கைச் சேர்த்து வைக்கும் ஆசையில் காலையில் சொந்தப் பெயரையே அடித்திருந்தார்.

"குடுங்க, பாட்டுத் தேடணும்," என்று தொமோமி கை நீட்டினாள்.

"நானே தேடித் தர்றேன். நீ டீயைக் குடி."

"எனக்கு என்ன பாட்டு வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்துநாலு வருஷக் குடித்தனம். தெரியாதா?"

"போன மாசம் என் பொறந்த நாளே தெரியல."

உருளைக்கிழங்கு வறுவலை மென்றபடி ரெய்கோ கேட்டாள். "அத்தான் ஏன் அதைக் கைக்குழந்தை மாதிரி வெச்சிருக்காரு?"

நொபுயுகி காலை ஆட்டினார். எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து கழிவறைக்குக் கிளம்பினார், டேப்லெட்டோடு.

"அதுக்கும் வருதா?" என்றாள் தொமோமி.

திரும்பி வந்து உட்கார்ந்தார். அழிக்கவும் வழியில்லை, அது கவுன்டரில்தான் முடியும். மூளையைக் கசக்கினதில் ஒரே வழி தெரிந்தது. மேலே எட்டுப் புதுப் பாட்டு ஏறிவிட்டால் ஸ்ட்ராபெரி எல்லாம் அடுத்த பக்கத்துக்கு இறங்கிவிடும். அடுத்த பக்கத்தை யார் புரட்டப் போகிறார்கள்?

"பாடுங்க ரெண்டு பேரும். பேரைச் சொல்லுங்க, நான் அடிக்கறேன். வரிசையா எட்டுப் பாட்டு."

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு," என்றாள் தொமோமி.

"எனக்கு நேத்துதான் பல்லைப் பிடுங்கினாங்க," என்று ரெய்கோ மொறுமொறுவென்று கடித்தாள்.

"அப்புறம் எதுக்குப் பிராக்டிஸ்?"

"பாட்டையாவது பாத்து வெக்கறோம். அதை இப்படிக் குடுங்க."

தொமோமியின் விரல் டேப்லெட்டின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. நொபுயுகி மைக்கைப் பாய்ந்து எடுத்தார்.

முதல் பாட்டைச் சுவரைப் பார்த்துப் பாடினார். காது சிவந்தது. மூன்றாவதில் பாதி சுவரையும் பாதி மனைவியையும் பார்த்தார். ஐந்தாவதில் உச்சியில் ஓர் இடத்தை எட்டிப் பிடித்தபோது தொமோமி கை தட்டினாள். அது அவருக்குப் பிடித்துத் தொலைத்தது. இத்தனை வருஷம் இதை விட்டுவிட்டோமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் மனசு நிலைகொள்ளாமல் எண்ணிக்கொண்டே இருந்தது. ஆறு. ஏழு.

எட்டு முடிந்ததும் தொட்டுப் பார்த்தார். முதல் பக்கத்தில் ஒரு ஸ்ட்ராபெரிகூட இல்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஜெயித்த தெம்பில் டேப்லெட்டைத் தானே மனைவி மடியில் வைத்தார்.

"இந்தா, இப்பப் பாத்துக்கோ."

அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவர் போன் அடித்தது. இன்னும் பத்து நிமிஷம்தான் என்று கவுன்டரிலிருந்து வரும் போன். தொமோமி எடுத்தாள்.

"இல்லீங்க, நீட்டிக்க வேணாம். காலைல நான் கேட்டுக்கிட்ட மாதிரியே, அவர் பாடின ரூமையே எதையும் அழிக்காம குடுத்தீங்க, ரொம்ப நன்றி. வந்த வேலை முடிஞ்சுது, கல்யாணத்துக்கு ஆள் தயார்."