பெட்டிக்குள் ஓடிய கடிகாரம்

கையில் கடிகாரம் கட்டுவது வெறும் பகட்டு என்று சூப்பிரண்டு வீட்டில் அடித்துச் சொல்லியிருந்தார். மனைவி தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்ட அன்று சொன்னது. சுவரில் மணி இருக்கிறது, போனில் இருக்கிறது, கையிலும் எதற்கு என்று அரைமணி நேரம் பேசினார். பேச்சு முடிந்ததும் அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். ஜெயித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே பழைய கடிகாரக் கடை வாசலில் அவர் கால் நின்றுவிட்டது. ஐம்பது வயதுக் கடிகாரம். தங்க விளிம்பு, பால் அதிகம் விட்ட தேநீர் நிறத்தில் முகம். நொடிமுள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போனது. சாவியே கொடுக்க வேண்டாம், தானாக ஓடும் என்றார் கடைக்காரர். இத்தனை வருடம் மணிக்கட்டை இதற்காகத்தான் வளர்த்தோம் என்று சூப்பிரண்டுக்குத் தோன்றிவிட்டது.

வாங்கியாயிற்று. ஆனால் வீட்டில் கட்டினால் அரைமணி நேரப் பேச்சின் மானம் போய்விடும். பீரோ மேலிருந்த ஷூ பெட்டியில், காலுறைக்குள் சுருட்டி ஒளித்தார். ஞாயிறுதோறும் மனைவி குளிக்கப் போனதும் எடுத்துப் பார்ப்பார். ஒரு மாதம் ஆகியும் ஒரு நிமிடம் பிசகவில்லை. என்ன ஒரு இயந்திரம் என்று உருகிப்போனார்.

பிறகு மனைவி தங்கை வீட்டுக்கு நாலு நாள் போனாள். சூப்பிரண்டு மாப்பிள்ளை மாதிரி கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அலுவலகம் போனார். கீறல் விழக் கூடாதென்று கைக்குட்டையை மடித்து மேஜையில் போட்டு, அதன் மேல் கையை வைத்தார். மற்றவர்கள் வேலை செய்கிறார்களா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அதற்குக் கண் போதும்.

மூன்றாம் நாள் மூன்று பத்துக்குக் கடிகாரம் நின்றது.

கடைக்கு ஓடினார். கடைக்காரர் பின்மூடியைத் திறந்து, அரைவட்டத் தகடு ஒன்றை விரலால் ஆட்டிக் காட்டினார்.

"கை அசைஞ்சா இது சுத்தும் சார். அதுலதான் ஓடுது. சும்மா வச்சா ரெண்டு நாள்கூடத் தாங்காது."

"பெட்டிக்குள்ள ஒரு மாசம் ஓடிச்சேய்யா."

"அப்ப வேற யாரோ கட்டியிருக்காங்க."

சூப்பிரண்டு கணக்குப் போட்டார். வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஆனாலும் அவர் அசரவில்லை. நின்ற கடிகாரத்தை அப்படியே பெட்டியில் வைத்தார். அவள் எடுக்கட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

மனைவி காலையில் வந்தாள். குளித்துவிட்டு அவர் வெளியே வருவதற்குள் தேநீர் தயார். டம்ளரை நீட்டிய கையில் தங்க விளிம்பு மின்னியது. அவள் ஒளிக்கவே இல்லை.

"இது ஏது?" என்றார், குரலைத் தடிப்பாக்கி.

"பீரோ மேல பெட்டியில கிடந்துச்சு. கடிகாரமே பகட்டுன்னு சொன்னவராச்சே, உங்களோடதா இருக்காதுன்னு நான் எடுத்துக்கிட்டேன். ஏங்க, உங்களோடதா?"

அந்த அரைமணி நேரப் பேச்சை நினைத்துக்கொண்டே அவர் டம்ளரை வாங்கினார்.

"இல்லை," என்றார்.

"நினைச்சேன். யாரோ கையை அசைக்காத ஆளு கட்டியிருக்கணும், நின்னு போயிருந்துச்சு. வீடு கூட்டி முடிக்கறதுக்குள்ள ஓட ஆரம்பிச்சுடுச்சுங்க."