பதின்மூன்றாவது ஜன்னல்

பட்டியலில் முந்நூற்றுப் பதினாறு ஓவியங்கள். சுவர்களில் முந்நூற்றுப் பதினைந்து. தேசிய ஓவியக் கூடத்தின் புது மேற்பார்வையாளர் மூன்று முறை எண்ணிவிட்டார். ஐந்து மணிக்கு இயக்குநரிடம் பட்டியலை ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேலைக்கு உலை.

காணாமல் போனது 'மழைக்கு முன்'. கட்டடம் திறந்த ஆண்டில் வரைந்தது, வடக்குக் கூடம், ஆறடி உயரம் என்றது பட்டியல்.

"ஆறடிப் படத்த எப்படிய்யா வெளிய கொண்டுபோயிருப்பான்?" என்றார் காவலாளியிடம்.

"என்னை ஏன் சார் மேலயும் கீழயும் பாக்கறீங்க? நானே அஞ்சேகால் அடிதான்."

தன் நிழல் கூட வந்தாலும் திரும்பிப் பார்க்கிற சுபாவம் மேற்பார்வையாளருக்கு. கட்டட வரைபடத்தை விரித்தார். ஓவியங்கள்மேல் வெயில் விழக் கூடாதென்று, கட்டியவர் ஜன்னல்களைக் கூரைக்கடியில், இருபதடி உயரத்தில் வைத்திருந்தார். வடக்குச் சுவரில் பன்னிரண்டு.

அண்ணாந்து எண்ணினார். பதின்மூன்று.

தோட்டத்துக்கு ஓடி, வெளியிலிருந்து எண்ணினார். பன்னிரண்டு.

"பிடிச்சுட்டேன்! செவர உடைச்சுப் புதுசா ஒரு ஜன்னல் வச்சு, படத்த அது வழியா இறக்கிட்டு, வெளிப்பக்கம் பூசிட்டானுங்க."

"செவரு உடைக்கிற சத்தம் எனக்குக் கேக்காதா சார்?"

"கேட்டிருக்கும். அதான் உன்மேல சந்தேகம்."

காவலாளி சாவிக்கொத்தை மேசைமேல் வீசிவிட்டுப் போனார். அரை மணியில் எல்லாக் காவலாளிகளும் வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். வேறு வழியில்லாமல் மேற்பார்வையாளர் போலீசுக்குப் போன் செய்தார்.

வந்த இன்ஸ்பெக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "சாவி யாருகிட்ட இருக்கு?"

"இப்ப... என்கிட்டதான்."

இன்ஸ்பெக்டர் அதைப் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

மேற்பார்வையாளர் வடக்குக் கூடத்துக்கு ஓடினார். அந்த ஜன்னலுக்குப் பின்னால் புதுப் பூச்சு தெரிந்தால்தான் தப்பிக்கலாம். ஆனால் கண்ணாடி முழுக்கச் சாம்பல் மங்கல். துப்புரவு அக்காவை அழைத்தார்.

"அந்தக் கடைசி ஜன்னல மட்டும் நல்லா அழுத்தித் தேய்ங்கக்கா. பின்னால என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"என்ன போட்டுத் தேய்க்கட்டும்?"

"இருக்கறதையெல்லாம் போடுங்க!"

ஐந்து மணிக்கு இயக்குநரும் இன்ஸ்பெக்டரும் கூடத்துக்குள் நுழைந்தபோது, அக்கா ஏணியிலிருந்து இறங்கிக் கையை உதறினார்.

"மேகத்தையெல்லாம் வழிச்சு எடுத்துட்டேன் சார், பின்னால வெறும் செவருதான். மூலைல எவனோ கையெழுத்துப் போட்டு வச்சிருக்கான், அது மட்டும் போவேனாங்குது."